கிழக்கு பார்த்த கல்லறை (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு அக்கா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், கிறிஸ்தவர். அவருடைய கணவர் போன வருடம் தவறிவிட்டார். அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சுண்ணாம்பு அடிக்கப் போனவருக்குத் துணையாக நானும் போனேன். எல்லாக் கல்லறையும் ஏன் ஒரே பக்கம் பார்த்திருக்கின்றன என்று கேட்டேன். "கிழக்கு டீச்சர். எந்திரிக்கும்போது மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கணும்ல" என்றார். ஏழரை பஸ் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

அன்றிலிருந்து சில கேள்விகள் மனதில் ஓடுகின்றன. செத்த உடம்பு எழுந்திருக்கும் என்பதை நீங்களெல்லாம் நிஜமாகவே நம்புகிறீர்களா? எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத அந்த அக்கா செபம் செய்யும்போது "நான் பாவி" என்று அழுகிறார். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. பாவம் செய்தாலும் மன்னிப்பு உண்டு என்றால், அப்புறம் ஒழுங்காக இருப்பது எதற்கு? பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கிறீர்கள், கடவுள் மூன்றா ஒன்றா?

இந்த வருடம் மெழுகுவர்த்தி ஏற்ற என்னையும் கூப்பிட்டிருக்கிறார். நான் முருகனைக் கும்பிடுகிறவள். போகலாமா? அவரிடமே கேட்டால் மனம் நோகுமோ என்று தயக்கம். நீங்கள் ஊட்டி காந்தலில் வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன், அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்று எழுதினால் என் மனைவி சிரிப்பாள். சாமியார் சொன்ன பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எதிர்வீட்டு அக்கா "எந்திரிக்கும்போது" என்றாரே, எங்கள் மதத்தின் மொத்த பாரமும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று, ஊர் ஊராகப் போய் ஆரம்பகாலச் சபைகளை உண்டாக்கிய பவுல், கொரிந்து ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். விருதா என்றால் வெட்டி. சிலுவை நடந்து இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குள் எழுதிய கடிதம் அது. நல்ல போதனை இருக்கிறது, அன்பு இருக்கிறது, உயிர்த்தெழுதல் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவே இல்லை.

காந்தலில், குருசடி ஆலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. ராத்திரி செபமாலையைப் பாட்டிதான் தொடங்கிவைப்பாள். முதலில் விசுவாசப் பிரமாணம், நாங்கள் எதையெல்லாம் நம்புகிறோம் என்று வரிசையாகச் சொல்கிற செபம். பழைய தமிழ், வேகமாகச் சொல்ல வேண்டும். "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை" என்ற இடம் வந்தால் வீடே தடுக்கி விழும். எழுத்தே தெரியாத பாட்டி மட்டும் தடுக்காமல் தாண்டிப் போவாள். புனிதர்களின் உறவு என்பதுதான் அதற்குப் பொருள் என்று எனக்குத் தெரிந்தபோது மீசை முளைத்துவிட்டது. அதே பிரமாணத்தில் "போஞ்சு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு" என்று வரும். எனக்கு அது "பஞ்சு பிலாத்து". மெத்தை மாதிரி ஓர் ஆளை மனதில் வைத்திருந்தேன்.

அந்தப் பஞ்சு ஆள்தான் பிற்பாடு எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தான். விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டு மனிதர்களுக்குத்தான் பெயர் உண்டு. மரியாள், பிலாத்து. பேதுரு இல்லை, பவுல் இல்லை. பெற்றவள் ஒருத்தி, கொல்ல உத்தரவு போட்டவன் ஒருவன். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ரோமின் ஆளுநராக இருந்தவனை உலகெங்கும் பாட்டிமார்கள் ராத்திரிதோறும் எதற்காக நினைக்க வேண்டும்? நம் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது என்றுதான் ஆரம்பிக்கும். தானம் எப்போது நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பிலாத்துவின் பெயரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. இது என்றைக்கோ எங்கேயோ நடந்த கதை கிடையாது, இன்ன அதிகாரியின் காலத்தில் இன்ன ஊரில் நடந்தது என்று கிறிஸ்தவன் சொல்கிறான். 1961இல் இஸ்ரேலின் கடலோரத்துச் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. பழைய அரங்கம் ஒன்றில் படிக்கல்லாக மிதிபட்டுக்கொண்டிருந்ததாம். அதனால் உயிர்த்தெழுதல் நிரூபணமாகிவிட்டது என்று சில பிரசங்கிமார்கள் முழங்குவார்கள். அந்த ஆள் இருந்தான் என்பதைத் தவிர அந்தக் கல் வேறெதையும் சொல்லவில்லை.

பாட்டியின் பிரமாணம் முடிகிற இடத்தில் "சரீர உத்தானத்தை விசுவசிக்கின்றேன்" என்று வரும். உத்தானம் என்றால் எழுதல். இதைத்தான் அந்த அக்கா உங்களிடம் சொன்னார். கிறிஸ்தவர்கள் செத்தால் ஆன்மா மேலே போய்விடும், அங்கே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பாடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிறிஸ்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அந்த நினைப்புதான். ஆன்மா அழியாது என்று நாங்களும் சொல்கிறோம், ஆனால் பிரமாணம் அங்கே நிற்பதில்லை. கடைசியில் உடம்பும் வேண்டும் என்கிறது. உயிர்த்த இயேசு சீடர்களிடம் வந்து, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு மீன் துண்டு சாப்பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். தோமா என்ற சீடரிடம் காட்டிய கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. ஆவிக்கு மீன் எதற்கு?

நீங்கள் நீலகிரிக்காரர், உருளைக்கிழங்கு தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். என் தாத்தாவுக்குக் கேத்தியில் கொஞ்சம் குத்தகை நிலம் இருந்தது. செடியைப் பிடுங்கினால் புதுக் கிழங்குகளுக்கு நடுவே கறுத்துச் சுருங்கிய ஒன்று தொங்கும். அழுத்தினால் விரலில் நீராக ஒட்டும், நாற்றம் வேறு. போட்ட விதைக்கிழங்கு அது. பவுல் இதையே கோதுமை மணியை வைத்துச் சொல்கிறார். விதைத்தது ஒன்று, எழும்புவது வேறு, ஆனாலும் அதிலிருந்துதான் இது. எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. எரித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கடலில் மூழ்கியவர்களும் நம்பிக்கைக்காகச் சிங்கத்துக்கு இரையான வேதசாட்சிகளும் எழுந்திருப்பார்கள் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை. 1963இல் கத்தோலிக்கத் திருச்சபையும் தகனத்தை அனுமதித்துவிட்டது. இருந்தாலும் எங்கள் வீடுகளில் இன்னும் மண்தான், கிழக்குதான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லோரும் ஒரே நாளில் ஒன்றாக எழுந்திருக்கப் போகிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சுவரைக் கட்டியவர்கள் சரீர உத்தானத்தை ஒருநாளும் நம்பியதில்லை என்பது என் எண்ணம். நம்பியிருந்தால் எழுந்த அன்றைக்குப் பக்கத்துக் குழிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமாவது இருந்திருக்கும்.

"நான் பாவி" என்பதற்கு வருகிறேன். தெருவில் நாம் "அடப்பாவி" என்று திட்டுகிறோம். அதே வாயால், மழையில் நனைகிற நாய்க்குட்டியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறோம். தமிழில் குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல். இது மொழியில் தற்செயலாக அமைந்ததாக இருக்கலாம், ஆனால் எந்த மறைக்கல்வி வகுப்பையும்விட இது எனக்கு உதவியது. அக்கா "நான் பாவி" என்கிறபோது, தான் செய்த திருட்டுகளுக்குக் கணக்குக் கொடுக்கவில்லை. தன் நல்ல குணத்தை வைத்துக் கடவுளிடம் வழக்காட முடியாது, தூக்கிவிட ஒரு கை வேண்டும் என்கிறார். நீங்களும் நானும் வளர்ந்த ஊரில் பாவமும் புண்ணியமும் வரவு செலவு மாதிரி. அனுபவித்துத்தான் கழிக்க வேண்டும். கிறிஸ்தவக் கணக்கில் பாவம் என்பது முறிந்துபோன உறவு. உறவை அனுபவித்துக் கழிக்க முடியாது, மன்னித்துத்தான் ஒட்டவைக்க முடியும். அதற்கான விலையைக் கடவுளே சிலுவையில் கொடுத்துவிட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நாளைப் பெரிய வெள்ளி என்கிறோம். அன்றைக்குப் பூசை கிடையாது, மணி அடிக்காது.

அப்படியானால் ஒழுங்காக இருப்பது எதற்கு என்கிறீர்கள். நல்ல கேள்வி, ரொம்பப் பழைய கேள்வியும்கூட. பவுலே உரோமையருக்கு எழுதும்போது இதை எடுத்துப் பதில் சொல்கிறார். அந்தப் பதிலைவிட எனக்குப் பிடித்தது குன்னூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் கேட்டது. அன்றைய வாசகம் மத்தேயுவில் வருகிற திராட்சைத் தோட்டக் கதை. முதலாளி விடியற்காலையில் சிலரை ஒரு தெனாரியம், அதாவது ஒரு வெள்ளிக்காசு, கூலிக்கு அமர்த்துகிறார். ஒன்பது மணிக்குச் சிலர், பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் மாலை ஐந்து மணிக்கும் சிலர். சாயங்காலம் எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பூராவும் கொழுந்து பறிக்கிற பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று தராசு முன்னால் நின்று, ஈர இலைக்குக் கழிவு பிடித்தால் சண்டை போடுகிறவர்கள். அவர்களிடம் போய் இந்தக் கதை! பூசை முடிந்து படியில் செருப்பு மாட்டிக்கொண்டே ஓர் அம்மா சொன்னார்: "அந்தத் தோட்டம் மறுநாளே படுத்துரும். காலைல எவ வருவா?" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது செருப்பை மாட்டிவிட்டு அவரே, "ஆனா அஞ்சு மணிக்கு வந்தவளுக்கும் வீட்டுல அதே வயிறுங்கதான" என்றார்.

தகுதி பார்க்காமல் கடவுள் தருகிற இரக்கத்தைக் கிருபை என்கிறோம். அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஐந்து மணிக்காரர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, யாரும் கூப்பிடாதவர்கள். தன்னை விடியற்காலையில் வந்தவனாக நினைக்கிறவனுக்கு இந்தக் கதை அநியாயம், மாலை ஐந்து மணிக்கு வந்தவனாக நினைக்கிறவனுக்கு உயிர். உங்கள் அக்கா இரண்டாவது வரிசையில் நிற்கிறார். அப்படி நிற்கிறவர் மன்னிப்பு உண்டே என்று நாளைக்குத் திருடப் போக மாட்டார். போகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கிருபையை மலிவுச் சரக்காக்கிவிட்டோம் என்று நாஜிக் காலத்து ஜெர்மனியில் சபையை நோக்கிச் சத்தம் போட்டவர் போன்ஹோஃபர் என்ற பாதிரியார். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

மூன்றா ஒன்றா என்பதற்கு எங்கள் உபதேசியார் ஓர் உவமை வைத்திருந்தார். தண்ணீர், பனிக்கட்டி, ஆவி, மூன்றும் ஒரே பொருள். காந்தல் பிள்ளைகளுக்கு இது சுலபம். சனவரியில் காலையில் புல் மேல் உறைபனி, பத்து மணிக்கு ஈரம், மத்தியானம் மூடுபனி. பெருமையாக ஒரு சாமியாரிடம் சொன்னேன். "இது சபெல்லியு சொன்னதுடா, மூன்றாம் நூற்றாண்டிலேயே தப்பென்று தள்ளிவிட்டார்கள்" என்றார். ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டுவதாக ஆகிவிடுமாம். 325இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடி, மகன் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று எழுதிவைத்தார்கள். மூவர், ஆனால் கடவுள் ஒருவர். உலகம் உண்டாவதற்கு முன்பே, அன்பு செலுத்த ஆள் தேடி அலையாமல், கடவுளுக்குள்ளேயே அன்பு இருந்தது என்பது இதன் சாரம் என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். அதற்கு மேல் எழுதினால் நானும் ஏதாவது ஒரு நூற்றாண்டுத் தப்பில் போய் விழுவேன்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். தாராளமாகப் போங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவதால் நீங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட மாட்டீர்கள், முருகனும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா அழுதால் "அதான் எந்திரிப்பாரே" என்று தேற்றாதீர்கள். இறந்துபோன நண்பர் லாசரைச் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு அழுதார் என்று யோவான் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்றால் போதும்.

அப்புறம், சுண்ணாம்பை முந்தின ராத்திரியே ஊறப்போடச் சொல்லுங்கள். துளி நீலம் கலந்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும். சின்ன மெழுகுவர்த்தி வாங்காதீர்கள், நவம்பர்க் காற்றில் நிற்காது. முன்பெல்லாம் தண்ணீர் பாட்டிலை அறுத்துக் கவிழ்ப்போம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு என் அம்மா இரண்டு பக்கமும் வெட்டிய பால்பவுடர் டப்பாவைக் கொண்டுபோகிறாள். அப்பாவின் கல்லறையில் போன வருடம் மழைக்குள்ளும் ஒன்பது மணி வரை எரிந்தது.