மாண்டரே அக்வேரியத்தில் மூன்று மணி நேரம்: எங்கே ஆரம்பிப்பது?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கோடை விடுமுறையில் ஐந்து வயது மகளோடு மாண்டரே பே அக்வேரியம் போகிறோம். மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது? கெல்ப் என்ற கடற்பாசி வளரும் தொட்டியில் தண்ணீர் காலையில் மங்கலாக இருந்ததாக நண்பர் சொன்னார். சரியாகப் பராமரிப்பதில்லையா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பராமரிப்பில் குறை ஒன்றும் இல்லை. எதிரே கிடக்கும் விரிகுடாவின் தண்ணீரைத்தான் பம்ப் போட்டு இறைக்கிறார்கள். பகலில் நமக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று வடிகட்டி விடுவார்கள். இரவில் வடிகட்டாமல் அப்படியே விடுவார்கள். அதனால்தான் காலையில் மங்கல். அந்தத் தண்ணீரோடு மிதவை உயிரிகளும் பொடிப்பொடியான இளம் உயிர்களும் உள்ளே வரும். அவற்றில் சில பாறையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளர்ந்துவிடும். யாரும் கொண்டுவந்து வைக்காமல், கடலே அனுப்பிய உயிர்கள் அவை!

கெல்ப் என்பது ராட்சதக் கடற்பாசி. சத்தை உறிஞ்சும் வேர் அதற்குக் கிடையாது. அடியில் இருப்பது பாறையை இறுக்கிப் பிடிக்கத்தான். சத்தைத் தண்ணீரிலிருந்து உடம்பு முழுக்க உறிஞ்சுகிறது. அதற்குத் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் அங்கே அலை எழுப்ப ஓர் இயந்திரமே ஓடுகிறது. தொட்டி எட்டரை மீட்டர் உயரம், மேலே கூரை இல்லை. கோடைக் காலையில் மாண்டரேயில் பெரும்பாலும் மூடுபனிதான். ஆகவே கெல்ப் தொட்டியை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக இறங்கும்போது ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு சின்னக் காற்றுப் பை தெரியும். கொடியை மேலே தூக்கி நிறுத்துவது அதுதான். மகளைத் தரையில் உட்காரவைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது அங்கே இருங்கள்.

காலையில் முதலில் கடல் நீர்நாய்கள். ஒரு நாளில் தன் எடையில் கால் பங்கு சாப்பிடும் பிராணி அது. கெல்ப்பை மேய்ந்து அழிக்கும் கடல் முள்ளெலிகளைத் தின்று, காடு போல் வளரும் கெல்ப்பைக் காப்பாற்றுவதும் அதுதான். அப்புறம் தொட்டுப் பார்க்கும் குளம்; கையை நனைத்துக்கொண்டு மெதுவாகத் தொட்டால் போதும். ஜெல்லிமீன்களுக்குப் பத்து நிமிடம். மொபைலில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், கண்ணாடியில் எதிரொளித்துப் படம் கெடும்.

கிளம்பும் முன் வெளியே கடலைப் பார்த்த தளத்துக்குப் போங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். மல்லாந்து மிதந்தபடி, வயிற்றின் மேல் கல்லை வைத்துச் சிப்பியைத் தட்டி உடைக்கும் காட்டு நீர்நாய் கண்ணில் படலாம். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் பாருங்கள்.