கூட்டுவதா, கழிப்பதா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. கூட்டலையும் கழித்தலையும் வெறும் எண்களாகக் கொடுத்தால் பிழையின்றிச் செய்துவிடுகிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால், பாதி படித்தவுடன் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்தேன். சில நாள் பலன் இருந்தது. இப்போது அதுவும் தவறிப்போகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மகளுக்குச் செய்முறை தெரிந்திருக்கிறது, எந்த நிலைமைக்கு அது பொருந்தும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் கொடுத்த சொற்குறிப்பு அந்த இடைவெளியை நிரப்பவில்லை. கணக்கைப் படிக்காமலே விடை எழுத ஒரு வழியைக் காட்டிவிட்டது, அவ்வளவுதான். "தங்கை தன் தோழிக்கு 5 மணிகளைக் கொடுத்தாள், மீதி 8 மணிகள் இருக்கின்றன, முதலில் எத்தனை இருந்தன?" என்று கேட்டுப்பாருங்கள். 'கொடுத்தாள்', 'மீதி' என்ற இரு சொற்களும் கழிக்கச் சொல்கின்றன. ஆனால் விடை கூட்டலில் கிடைக்கும் 13.

சொல்லையும் எண்ணையும் மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பிரான்சின் கிரனோபிள் நகரில் 1979ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த சோதனை ஒன்று நல்ல சான்று. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று அவர்களைக் கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் கேள்வியில் கண்ட எண்களை வைத்தே ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். எண்கள் கொடுக்கப்பட்டால் எதையாவது செய்தாக வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள்.

கழித்தலில் இந்தத் தடுமாற்றம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 12 - 5 என்ற ஒரே எழுத்துக்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. பன்னிரண்டு மணிகளிலிருந்து ஐந்தை எடுத்துவிடுவது ஒன்று. அண்ணனிடம் பன்னிரண்டும் தங்கையிடம் ஐந்தும் இருக்க, யாரிடம் எத்தனை அதிகம் என்று ஒப்பிடுவது இரண்டாவது. இங்கே எதையும் யாரும் எடுக்கவில்லை, இரண்டு குவியல்களும் அப்படியே இருக்கின்றன. கையில் ஐந்து இருக்கிறது, பன்னிரண்டு ஆவதற்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்பது மூன்றாவது. பெரியவர்களாகிய நமக்கு இம்மூன்றும் ஒன்றாகிப்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், 'எடுத்துவிடுவது' என்ற ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்ற இரண்டும் தாமாகவே விளங்கிவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். மூன்றாவது வகையில் குழந்தை ஆறு, ஏழு, எட்டு என்று பன்னிரண்டு வரை மேலே எண்ணிப் போனால் தடுக்காதீர்கள். அந்த நிலைமைக்கு அதுவே இயல்பான வழி.

இனி, செய்யத்தக்கவை. சில நாள்களுக்கு எண்களையே நீக்கிவிட்டுக் கணக்குச் சொல்லுங்கள்: "அவனிடம் சில பென்சில்கள் இருந்தன, அண்ணன் இன்னும் சில கொடுத்தான், பிறகு சில தொலைந்துபோயின; எப்போது அதிகம் இருந்தது?" எண் இல்லாதபோது அவள் நிகழ்ச்சியைத்தான் மனத்தில் பார்த்தாக வேண்டும். அடுத்து, வேலையைத் திருப்பிவிடுங்கள். 12 - 5 என்று எழுதிக் கொடுத்து, அதற்கு அவளைக் கதை சொல்லச் சொல்லுங்கள். எல்லாக் கதைகளும் 'கொடுத்துவிட்டான்', 'தொலைத்துவிட்டான்' என்றே முடிந்தால், ஒப்பிடுவதும் நிரப்புவதும் அவளிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். முகத்தைப் பார்க்கும்போது மட்டும் தலையசைக்காதீர்கள். "என்ன நடந்தது, நீ சொல்" என்று கேள்வியை அவளிடமே திருப்புங்கள்.

கேள்வி: 52 - 27 என்று கழிக்கும்போது 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லித்தருகிறோம். "எப்போது திருப்பிக் கொடுப்பது?" என்று என் மகன் கேட்கிறான்.

பதில்: நியாயமான கேள்வி. திருப்பிக் கொடுக்காத கடனைக் கடன் என்று சொல்வது நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும். அங்கே எவரும் எவரிடமும் வாங்கவில்லை. ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளுமாக இருந்த 52, நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளுமாக மாறியிருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவனே அவிழ்க்கட்டும். அதன்பின் 'பத்தைப் பிரிக்கிறேன்' என்று சொல்லப் பழக்குங்கள்.

கேள்வி: பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் ஒப்பிக்கும் என் பேரனிடம் "பெருக்குவது என்றால் என்ன?" என்று கேட்டேன். துடைப்பத்தைக் காட்டிச் சிரித்தான். வாய்ப்பாடு வீண்தானா?

பதில்: வீடு கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் துடைப்பம் ஒன்றுதான், கணக்கில் இரண்டும் வேறு என்று பேரன் அறிந்தால் போதும். வாய்ப்பாடு வீணன்று. மனப்பாடமாக வரும் விடை, மூளையை வேறு சிந்தனைக்கு விட்டுவைக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு படம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மூன்று வரிசைகளில், வரிசைக்கு நான்காகப் புள்ளிகள் வைக்கச் சொல்லுங்கள். தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் நான்கு வரிசைகள், வரிசைக்கு மூன்று. ஒரு புள்ளியும் கூடவில்லை, குறையவில்லை. 3 × 4, 4 × 3 இரண்டும் ஏன் சமம் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. ஆனால் விடை ஒன்றானாலும் கதை ஒன்றன்று: நாளுக்கு மூன்று மாத்திரைகளாக நான்கு நாள் உண்பதும், நாளுக்கு நான்காக மூன்று நாள் உண்பதும் மருத்துவருக்கு ஒன்றாகா. இதே புள்ளிப் படத்தில் ஒரு கோடு கிழித்தால், மறந்துபோன 7 × 8ஐ 5 × 8, 2 × 8 என்று பிரித்து, 40ஐயும் 16ஐயும் கூட்டி 56 என்று அவனே மீட்டெடுப்பான்.

ஓர் எச்சரிக்கை. பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பெருக்கினால் எப்போதும் பெரிதாகும் என்ற எண்ணம் வேரூன்றிவிடும். பின்னாளில் பாதியைப் பாதியால் பெருக்கிக் கால் வரும்போது அவன் நம்ப மறுப்பான். ஒரு தாளை நீளத்தில் பாதியாகவும் அகலத்தில் பாதியாகவும் மடித்துக் காட்டினால், அந்தக் கால் பகுதி கண்முன்னே இருக்கும்.

கேள்வி: 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் என் மகள் 12 என்று எழுதினாள். கவனக்குறைவா?

பதில்: இல்லை. சமக்குறியை 'இனி விடையை எழுது' என்ற கட்டளையாக அவள் படித்திருக்கிறாள். மிகப் பல குழந்தைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். 1557இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு இக்குறியை அறிமுகப்படுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள்கள் வேறில்லை என்று காரணம் சொன்னார். 'இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு' என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 12 = 8 + 4 என்று மாற்றியும், 7 = 7 என்றும் அவ்வப்போது எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: வகுத்தலைப் 'பங்கிடுதல்' என்று கற்பித்தேன். 6 ÷ ½ வந்தபோது "அரை ஆளுக்கு எப்படிப் பங்கிடுவது?" என்கிறான் மகன். 12 ÷ 0 எவ்வளவு என்றும் கேட்கிறான்.

பதில்: வகுத்தலுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. பன்னிரண்டை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று; 'ஈவு' என்ற நம் சொல்லே ஈதலிலிருந்து வந்து இந்தப் பொருளைத் தாங்கி நிற்கிறது. பன்னிரண்டில் மும்மூன்றாக எத்தனை முறை எடுக்கலாம் என்பது மற்றொன்று. முதல் முகத்தோடு 6 ÷ ½ஐ அணுகினால் அரை ஆள்தான் வந்து நிற்பான். இரண்டாவது முகத்தோடு அணுகினால், ஆறு மீட்டர் கயிற்றில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை என்ற எளிய கேள்வி, விடை 12.

மீதியையும் இவ்வாறே நிலைமைதான் தீர்மானிக்கிறது. 26ஐ 4ஆல் வகுக்கும்போது, பென்சில்களைப் பங்கிட்டால் ஆளுக்கு 6, மீதி 2. கயிற்றை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஆறரை மீட்டர். நான்கு பேர் ஏறும் படகில் 26 பேரை அக்கரை சேர்க்க 7 நடை.

பூச்சியத்துக்கு வருவோம். பன்னிரண்டு கற்களை மேசையில் வைத்து, ஒவ்வொரு முறையும் பூச்சியம் கற்களாக எடுக்கச் சொல்லுங்கள். வெறுங்கையை நீட்டி மடக்கிச் சலித்துப்போய், இது முடியவே முடியாது என்று அவனே சொல்வான். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் 12 வரும் என்றும் தேடட்டும். அப்படி எண் இல்லை. 0 ÷ 0 என்று கேட்டால் சிக்கல் எதிர்ப்புறமானது: எந்த எண்ணை வைத்தாலும் பொருந்திவிடுகிறது, எனவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கி.பி. 628இல் பூச்சியத்துக்கு விதிகள் வகுத்த பிரம்மகுப்தர் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர், பிற எண்களைப் பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி என்றார். இன்றைய கணிதம் இரண்டையும் ஏற்காமல், பூச்சியத்தால் வகுப்பதற்குப் பொருள் இல்லை என்று விட்டுவிடுகிறது. கற்களை எடுத்துப் பார்த்த பிறகு கால்குலேட்டரில் 12 ÷ 0 அழுத்திப் பார்க்கட்டும். அது காட்டும் பிழைச் செய்திக்குக் காரணத்தை உங்களுக்கு அவன் விளக்குவான்.