தூக்கம் சரியில்லை, மெத்தையை மாற்றினால் சரியாகுமா? எந்த மெத்தை வாங்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பதாகவும், காலையில் இடுப்பு பிடித்துக்கொள்வதாகவும், மெத்தைக்கு வயது 12 என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் அந்த மெத்தைமேல்தான். விரிப்பை எடுத்துவிட்டுக் குறுக்கே ஒரு துடைப்பக் கட்டையை வையுங்கள். அடியில் கை நுழையும் அளவுக்குப் பள்ளம் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. உறவினர் வீட்டில் படுத்த அன்று வலி இல்லையா? அதுவும் ஒரு சாட்சி.

"முதுகுவலிக்குக் கல்மாதிரி மெத்தைதான் நல்லது" என்பார்கள். அப்படியே நம்ப வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குச் சற்று இறுக்கமானது பொருந்தும். கடையில் ஓரத்தில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துப் பயனில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுப்பதுபோலப் பத்து நிமிடம் படுங்கள். வெட்கமென்ன, வெள்ளி உங்களுடையது.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மெமரி ஃபோம் (உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப அமிழும் நுரை மெத்தை) எனக்குப் பிடிப்பதில்லை. உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் மெத்தையில் காற்றோட்டம் உண்டு. இயற்கை லேடெக்ஸ் என்பது நம் பாட்டிமார் மரம் சீவி எடுத்த அதே ரப்பர் பால்தான். நன்றாக உழைக்கும், ஆனால் விலையும் கனமும் அதிகம். சிலவற்றில் மேலே ஓர் அங்குலம்தான் லேடெக்ஸ் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கட்டிலை அளந்துவிட்டுப் போங்கள். இங்கே குயின் அளவு 60க்கு 75 அங்குலம்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சுத் திணறி விழிப்பது இதெல்லாம் இருந்தால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். அதற்கு மெத்தை மருந்தில்லை.