ஸ்பெயினில் கானோவாஸ் உருவாக்கிய 'முறை வைத்து ஆளும்' ஏற்பாடு எப்படி நடந்தது?

பழமைவாதக் கட்சியும் லிபரல் கட்சியும் மாறி மாறி ஆண்ட ஏற்பாடு இது. தேர்தல் நடந்தும் முடிவு முன்கூட்டியே தெரிந்தது எப்படி என்பதுதான் கேள்வி. முதலில் தேர்தல், பிறகு ஆட்சி என்று நாம் அறிந்த வரிசையை அங்கே தலைகீழாக்கியிருந்தார்கள்.

அந்தோனியோ கானோவாஸ் தெல் காஸ்தியோ (1828–1897) பழமைவாதக் கட்சித் தலைவர். 1874 டிசம்பர் இறுதியில் சகுந்தோவில் தளபதி மார்த்தினெஸ் கம்போஸ் பன்னிரண்டாம் அல்போன்சோவை மன்னராக அறிவித்தார். படைபலத்தால் முடியாட்சி திரும்புவதைக் கானோவாஸ் விரும்பவில்லை. ஆனாலும் ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கே வந்தது. 1876 அரசியலமைப்பு அவர் வடித்தது.

ஆட்சி மாறவேண்டிய நேரத்தில் மன்னர் முதலில் எதிர்க்கட்சித் தலைவரைப் பிரதமராக்குவார். பெரும்பாலும் அது லிபரல் கட்சியின் சகாஸ்தா. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் ஆணையும் அவருக்கே கிடைக்கும். பிறகுதான் தேர்தல். உள்துறை அமைச்சகம் தொகுதிவாரியாக யார் வெல்லவேண்டும் என்று ஒரு பட்டியல் போடும்; தோற்கும் கட்சிக்கும் அதில் இடம் உண்டு. மாகாண ஆளுநர்கள் அதை 'காசிக்கே' எனப்பட்ட ஊர்ப் பெரும்புள்ளிகளிடம் சேர்ப்பார்கள். வேலை, கடன், ராணுவச் சேவை விலக்கு எல்லாம் அவர்கள் வழியாகவே நடக்கும் என்பதால் ஓட்டும் அவர்கள் சொன்னபடி விழும். போதாவிட்டால் இறந்தவர் பெயரிலும் ஓட்டு விழும். இந்த மோசடிக்கு 'புச்செராசோ' என்று பெயர். சமையல் பானையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இதனால் ராணுவப் புரட்சிகள் ஓய்ந்தது உண்மைதான், அது சிறிய சாதனையல்ல. ஆனால் குடியரசுவாதிகளும் தொழிலாளர்களும் வெளியிலேயே நின்றார்கள். 1890-இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபின் பெரிய நகரங்கள் பட்டியலுக்கு அடங்க மறுத்தன. கிராமங்களில் அது தொடர்ந்தது.

1897 ஆகஸ்ட் 8 அன்று சாந்தா அகெதா நீரூற்று விடுதியில், இத்தாலிய அராஜகவாதி ஆஞ்சியோலில்லோ கானோவாஸைச் சுட்டுக்கொன்றார். அரசியலமைப்பு 1923 வரை நீடித்தது.