பரீட்சை ஹால் வாசலில் விடை பார்க்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையின் பதில்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 வருடம் இயற்பியல் நடத்தினேன். அதில் பல வருடங்களின் கோடைக்காலம் விடைத்தாள் திருத்தும் மையத்தில்தான் கழிந்தது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் தாள்களைப் பற்றியவை. சிலவற்றைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்தேன்.

டீச்சர், என் மகள் இயற்பியல் எழுதிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் போனை எடுத்தாள். நாலு தோழிகளிடம் பேசிவிட்டு, ஒன்பது விடை தப்பு என்று அழுகிறாள். சோறு இறங்கவில்லை. இன்னும் மூன்று நாளில் வேதியியல். "கட் ஆஃப் போச்சும்மா" என்கிறாள். போனை வாங்கி வைத்துவிடவா? – ஒரு தாய், கோவில்பட்டி

பிடுங்கி வைக்காதீர்கள். அவளாகவே உங்கள் கையில் கொடுக்கும்படி பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு உதவியாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது விடை தப்பு என்பதை நான் நம்பவில்லை. பரீட்சை முடிந்து வரும் பிள்ளையின் கையில் வினாத்தாள் மட்டும்தான் இருக்கும். அதிலும் எதையும் எழுதக் கூடாது என்று ஹாலில் சொல்லியிருப்பார்கள். விடைத்தாளோ கட்டிப் போய்விட்டது. அப்படியானால் உங்கள் மகள் எதை ஒப்பிடுகிறாள்? தான் எழுதியதாக ஞாபகத்தில் இருப்பதை, தோழி எழுதியதாகச் சொல்வதோடு ஒப்பிடுகிறாள். மூன்று மணி நேரம் எழுதிக் களைத்த இரண்டு பிள்ளைகளின் ஞாபகத்தை வைத்து மார்க் போட எந்த ஆசிரியராலும் முடியாது.

பழைய முறையில் தியரி 150, செய்முறை 50 என்று இருந்த காலத்தில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், அமைதியானவன். 100 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் என்ன என்று ஒரு கணக்கு. 1.227 × 10⁻¹⁰ மீட்டர் என்று எழுதியிருந்தான். கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது, வகுப்பில் முதலாவதாக வரும் மாணவன் "0.1227தானே வரும்?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். கணக்கு போய்விட்டது, அதோடு ஐந்து மார்க் போய்விட்டது என்று இவன் முடிவுகட்டிவிட்டான். அடுத்த தாளான வேதியியலுக்குப் படிக்க உட்கார்ந்தால் அந்த எண்தான் கண்ணுக்குள் நின்றதாம். முந்தைய இரவு தூக்கமே இல்லை. பரீட்சையில் ஒரு பத்து மார்க் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டான்.

0.1227 நானோமீட்டர் என்றாலும், 1.227 ஆங்ஸ்ட்ராம் என்றாலும், 1.227 × 10⁻¹⁰ மீட்டர் என்றாலும் ஒன்றுதான். இரண்டு பேர் விடையும் சரி. மாறிலிகளை முழுசாகப் போட்டுச் செய்தால் கடைசி இலக்கத்தில் 1.226 என்றுகூட வரும், அதுவும் சரிதான். ரிசல்ட் வந்தபோது இயற்பியலில் எதிர்பார்த்த மார்க் இருந்தது, வேதியியலில்தான் விழுந்திருந்தான். அன்றைக்கு நான் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு நிமிடம் நின்று "என்னப்பா விடை வந்தது?" என்று கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

கட் ஆஃப் கணக்கையும் உங்கள் மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் கட் ஆஃப் மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இயற்பியலில் ஒரு மார்க் குறைந்தால் கட் ஆஃபில் அரை மார்க் குறையும். ஒரு மதிப்பெண் வினாக்களில் நாலு நிஜமாகவே தப்பாக இருந்தாலும் போவது இரண்டு. வேதியியலுக்கும் அதே 50 இருக்கிறது. அதில் ஒரு துளிகூட இன்னும் கைவிட்டுப் போகவில்லை. இதை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதவையுங்கள்.

அப்புறம் ரசம் சாதமாவது கொஞ்சம் கொடுத்துத் தூங்கவிடுங்கள். காலையில் அவளுக்குப் பிடித்த பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். கடினமான பாடத்தை முதலில் எடுக்க இது நேரமில்லை.

டீச்சர், முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரைவாழ் காலத்தைப் (பாதி முடிய ஆகும் நேரம்) போல் எத்தனை மடங்கு என்ற கணக்கில் 9.97 என்று எழுதி நிறுத்திவிட்டேன். நண்பர்கள் எல்லோரும் 10 என்கிறார்கள். இயற்பியலிலும் ஒரு கணக்கில் சூத்திரம் எழுதாமல் நேரடியாகப் பிரதியிட்டுவிட்டேன். இரண்டும் போச்சா? – ஒரு மாணவன், சங்கரன்கோவில்

இரண்டும் போகவில்லை தம்பி. உன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 99.9 சதவீதம் முடிந்தால் மீதி 0.1. நூறை 0.1ஆல் வகுத்தால் ஆயிரம், அதன் மடக்கை 3. சூத்திரத்தில் வரும் 2.303ஐ 3ஆல் பெருக்கினால் 6.909. அதை வினைவேக மாறிலியால் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும். அரைவாழ் காலம் என்பது 0.6932ஐ அதே மாறிலியால் வகுத்தது. 6.909ஐ 0.6932ஆல் வகுத்தால் 9.97தான் வருகிறது. "ஏறக்குறைய 10 மடங்கு" என்று புத்தகம் சொல்வதே இந்த 9.97ஐத்தான். நீ கணக்கு போட்டு வந்திருக்கிறாய். 10 என்று சொன்னவர்களில் சிலர் மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது விஷயம் எல்லா மாணவர்களுக்கும் தெரிய வேண்டியது. திருத்தும் மையத்துக்கு வரும் இயற்பியல் விடைக்குறிப்பின் தொடக்கத்தில் பொதுக் குறிப்புகள் சில இருக்கும். கணக்கில் சூத்திரம் எழுதாமல் விட்டிருந்தாலும் மற்ற படிகள் சரியாக இருந்தால் அவற்றுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. விளக்க விடைகளைச் சொந்த நடையில் எழுதலாம், கருத்து மாறாமல், ஒரு குறிப்பும் விடுபடாமல் இருந்தால் போதும் என்பது இன்னொன்று. வரைபடம் போட்டால் இரண்டு அச்சுகளிலும் எந்த அளவு என்று குறித்திருக்க வேண்டும். கணக்கு என்றால் முழு மார்க் அல்லது பூஜ்ஜியம் என்று நினைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் அழுகிறார்கள். நாங்கள் திருத்தும்போது சூத்திரம், பிரதியிடல், சுருக்கல், அலகோடு விடை என்று ஒவ்வொரு படியாகத்தான் பார்ப்போம். கடைசி எண் தவறிப்போனாலும் அதற்கு முந்தைய படிகள் உனக்குச் சேர்ந்துவிடும்.

ஒரு மதிப்பெண் வினாவில் குறியீடு (ஆ) என்று சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் (இ)யின் விடையை எழுதிவிட்டேன். பாதி மார்க்காவது வருமா? – ஒரு மாணவி, ராஜபாளையம்

வராதும்மா. ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறியீடு, விடை இரண்டில் ஒன்று தவறானாலும் பூஜ்ஜியம் என்று விடைக்குறிப்பிலேயே இருக்கும். அந்த ஒரு மார்க் போனது போனதுதான். இன்னும் பரீட்சை மிச்சம் இருந்தால், ஒரு மதிப்பெண் வினாக்களை எல்லாம் எழுதி முடித்ததும் குறியீட்டின் மேல் ஒரு விரல், விடையின் மேல் ஒரு விரல் வைத்து ஒரு தடவை பார்த்துவிடு. ஒரு நிமிடம்தான் ஆகும்.

பரீட்சை முடிந்த ஒரு மணி நேரத்தில் ட்யூஷன் சென்டர்கள் விடை போட்டுவிடுகின்றன. நம்பலாமா? – ஒரு தந்தை, தூத்துக்குடி

அவசரமாகப் போடுவது. நல்ல ஆசிரியர்கள் போட்டாலும் அதில் பிழை வரும், நானே பார்த்திருக்கிறேன். திருத்துபவர்கள் வைத்துக்கொள்வது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் விடைக்குறிப்பை மட்டும்தான். கேள்வியே பிழையாக இருந்தால் அதற்கு என்ன மதிப்பெண் என்பதும் அங்கேதான் முடிவாகும். கடைசித் தாள் முடிந்த பிறகு பாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

இயற்பியலில் என் மகன் தேறுவானா என்றே பயமாக இருக்கிறது. – ஒரு தாய், விளாத்திகுளம்

எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்து, மூன்றும் சேர்ந்து 35 வந்தால் தேர்ச்சி. செய்முறைக்கு ஒழுங்காகப் போயிருந்தால் பாதி தூரம் ஏற்கெனவே கடந்துவிட்டான். ஒருவேளை தவறினாலும் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வரும், தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம். இதை ரிசல்ட் வரும் வரை தள்ளிப்போடாமல் இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

போன வருடம் என் அக்காவுக்கு வேதியியலில் எதிர்பார்த்ததைவிட ஏழெட்டு மார்க் குறைந்தது. விதி என்று விட்டுவிட்டோம். எனக்கும் அப்படி ஆனால்? – ஒரு மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

விட்டுவிடக் கூடாது. ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போடு. கடைசித் தேதியை நாளிதழில் பார்த்துக்கொள், கொஞ்ச நாள்தான் தருவார்கள். நகல் கைக்கு வந்தால் நீ எழுதியது உன் கண் முன்னால் இருக்கும். விடை பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

என் தங்கை மகளுக்கு அப்படி ஒரு நகல் வந்தது. தரையில் பாய் விரித்து நானும் அவளும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஒரு ஐந்து மார்க் விடைக்கு உள்ளே மதிப்பெண் போட்டிருந்தது, முன்பக்கக் கட்டத்தில் அது ஏறவே இல்லை. மறுகூட்டலில் கிடைத்துவிட்டது. திருத்துபவரும் மனிதர்தான், வெயில் காலத்தில் கட்டுக் கட்டாகத் திருத்துகிறார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து மார்க் பிள்ளையினுடையது.

கூட்டல் தப்பு, ஒரு விடையைத் திருத்தாமல் விட்டது என்றால் மறுகூட்டல். போட்ட மார்க்கே குறைவு என்று தோன்றினால் மறுமதிப்பீடு. அதற்கு முன் உன் வேதியியல் ஆசிரியரிடம் நகலைக் காட்டி ஒவ்வொரு படியாகக் கேள், ஏனென்றால் மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு.

டீச்சர், என் தோழி எழுதிய ஒரு கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. "என் விடை சரியாடி?" என்று தினமும் கேட்கிறாள். நாளைக் கழித்து உயிரியல். நான் என்ன சொல்ல? – ஒரு மாணவி, கடையநல்லூர்

பொய் சொல்ல வேண்டாம். "எல்லாப் பரீட்சையும் முடியட்டும், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல். மறுபடி கேட்டாலும் அதையே சொல். உயிரியல் முடிந்த அன்று சாயங்காலம் வினாத்தாளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போ. அந்தக் கணக்கை நீ போட்டுக் காட்டாதே, அவளையே போடச் சொல். எந்தப் படி வரைக்கும் சரியாகப் போயிருக்கிறாள் என்று இரண்டு பேருமாகப் பார்த்து, அதுவரைக்கும் கிடைக்கும் மார்க்கைக் கூட்டிப் பாருங்கள்.