சில படங்கள் மட்டும் கொண்டாடப்படுகின்றன, அதே அளவு நல்ல படங்கள் மறக்கப்படுகின்றன. ஏன்?

"தரம் இருந்தால் என்றைக்காவது பேசப்பட்டே தீரும்" என்று பலரும் இதற்குப் பதில் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. முதல் வாரத்தில் கவனம் பெறாத படம், பிறகு யார் கண்ணிலாவது மறுபடி படுகிறதா என்பதில்தான் அதன் தலையெழுத்தே இருக்கிறது. அப்படிப் படுவதற்கும் படத்தின் தரத்துக்கும் பல நேரம் சம்பந்தமே கிடையாது.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் காப்ரா இயக்கியது, 1946 டிசம்பரில் வந்தது. ஆஸ்கருக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டும், போட்ட பணம் தியேட்டரில் திரும்பவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருடம் முடியும்போது பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 1974-இல் அதைச் செய்ய விட்டுவிட்டார்கள். ராயல்டி கொடுக்காமலே ஓட்டலாம் என்றதும் அந்த நாட்டு டிவி நிலையங்கள் படத்தைப் பிடித்துக்கொண்டன. போதாததற்கு, கதையின் உச்சக்கட்டம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நடக்கிறது. டிசம்பர் பிறந்தால் திரும்பத் திரும்ப அதுதான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பின்னால் தங்கள் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினார்கள். இன்று அது உலகம் கொண்டாடும் படம். 1946-இல் தோற்றபோது இருந்த அதே காட்சிகள், அதே நடிப்பு. ஒரு விண்ணப்பம் போகாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கண்ணில் பட்டால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958-இல் வந்தபோது விமர்சனங்கள் கலவையாகத்தான் இருந்தன. எழுபதுகளில் அதைப் புழக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அவர் இறந்த பிறகு, 1983-இல்தான் மறுபடி திரைக்கு வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், பார்க்கக் கிடைக்காமல் இருந்த 1982-லேயே 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது முதல் பத்துக்குள் வந்துவிட்டது. 2012-இல் 'சிட்டிசன் கேன்' படத்தைத் தள்ளிவிட்டு முதலிடம். எப்படி? அதை மறக்க முடியாத சிலர் எழுதிக்கொண்டே, பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு படத்துக்காக விடாமல் வாதாட நாலு பேர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கெல்லாம் முதலில் பிரிண்ட் என்று ஒன்று மிஞ்ச வேண்டும். டென்மார்க் இயக்குநர் டிரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' 1928-இல் வெளியான மௌனப்படம். அதன் மூல நெகட்டிவ் தீயில் எரிந்துபோனது. பல பத்தாண்டுகள் சிதைந்த வடிவங்கள்தான் சுற்றில் இருந்தன. 1981-இல், நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முழுப் பிரதி ஒன்று கிடைத்தது. யாராவது அந்த டப்பாக்களைக் குப்பையில் போட்டிருந்தால்? அப்படிக் குப்பைக்குப் போன படங்கள் எத்தனையோ. அவற்றை "தரமில்லாததால் நிலைக்கவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எனக்கும் அப்படி ஒரு படம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நடுராத்திரியில் டிவியில் பாதியிலிருந்து பார்த்தது. ஒரு முதியவர், இறந்துபோன மனைவியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, அவள் வைத்த இடத்திலேயே திருப்பி வைப்பார். வசனம் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. கை மட்டும் லேசாக நடுங்கும். பெரிதாகப் பேசப்படும் எந்தப் படத்தின் காட்சிக்கும் அது குறைந்ததில்லை. பேர் தெரியாததால், எந்த ஓடிடியில் என்ன சொல்லித் தேடுவது என்றும் தெரியவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அந்தக் காட்சி ஞாபகம் வந்தால், படத்தின் பெயரைக் கீழே எழுதுங்கள்.