சனிக்கிழமைக் கவர்

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை மூன்று வருடமாக நான் நடத்துகிறேன். நாற்பது மெஷின். இதுவரை ஜாப் ஒர்க்தான், அதாவது வேறு கம்பெனிகளின் ஆர்டரைத் தைத்துக் கொடுப்பது. இரண்டு வருடத்துக்குள் நேரடி ஏற்றுமதிக்குப் போக வேண்டும் என்பது என் இலக்கு. சமீபத்தில் ஒரு தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போனேன். கண்டிப்பாக நடத்துவது, கலந்து பேசி நடத்துவது, தட்டிக்கொடுத்து வளர்ப்பது என்று ஆறு வகை சொன்னார்கள். நான் கண்டிப்பானவன். ஆனாலும் நான் ஊரில் இல்லாத நாளில் பீஸ் குறைகிறது. அப்பாவோ பழைய காலத்திலேயே இருக்கிறார். முழங்கால் வலியோடு சனிக்கிழமைதோறும் வந்து சம்பளக் கவரைத் தன் கையால்தான் கொடுப்பார். ஒடிசாப் பையன்களிடம்கூட நின்று கதை பேசுவார். பேங்கில் போட்டுவிடலாம் என்றால் கேட்பதில்லை. என் இலக்குக்கு எந்த வகைத் தலைமை பொருந்தும்?

பதில்: தம்பி, மூன்று வருடமாக நீங்கள்தான் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்ற நாளெல்லாம் நீங்கள் மெஷினை ஓட்டுகிறீர்கள். கம்பெனியை நடத்துவது சனிக்கிழமை சாயங்காலம் வருகிற அந்த மனிதர்தான்.

கவர் கொடுக்கும்போது அவர் என்ன கதை பேசுகிறார் என்று ஒருநாளாவது பக்கத்தில் நின்று கேட்டீர்களா? யாருக்கு அட்வான்ஸ் வேண்டும், எந்த டைலருக்குக் கண் மங்குகிறது, யாருக்கு சூப்பர்வைசரோடு ஆகவில்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். தீபாவளி போனஸோடு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று திருப்பூரில் பாதி முதலாளிகள் விரல் மடக்கிக்கொண்டிருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அது ஆயுதபூஜைக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். இதைப் பழைய காலம் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே!

அந்த ஆறு வகைப் பட்டியல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் கோல்மன் 2000-ல் எழுதியது. அவரே ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கச் சொல்லவில்லை. நாலைந்தை நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றத் தெரிந்தவர்தான் நன்றாக நடத்துவார் என்றார். பீஸ் ஏன் குறைகிறது என்பதற்கான விளக்கம் அதைவிடப் பழையது. அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவினும் கூட்டாளிகளும் பத்து வயதுப் பையன்களை வைத்துச் செய்த சோதனை, 1939-ல் வெளிவந்தது. அதட்டி வேலை வாங்கிய குழுவில் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் அது பாட்டுக்கு நடந்தது.

சரி, உங்கள் இலக்குக்கு வருகிறேன். ஜாப் ஒர்க்கில் எண்ணிக்கைதான் பேச்சு. அதட்டல் அங்கே ஓரளவு ஓடும். நேரடி ஏற்றுமதியில் பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 3,000 பீஸ் லாட்டில் பையரின், அதாவது சரக்கு வாங்குகிறவரின், ஆள் வழக்கமாக 125 பீஸை உருவிப் பார்ப்பார். ஏ.க்யூ.எல். என்கிற பழுது வரம்பு 2.5 என்றால் பழுது ஏழு வரை பரவாயில்லை, எட்டானால் மொத்த லாட்டும் நின்றுவிடும். தையல் விட்டுப்போனது முதலில் யாருக்குத் தெரியும்? ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் டைலருக்கு. திட்டு விழும் என்று பயந்தால் அவர் அந்தப் பீஸை பண்டிலின் நடுவில் செருகிவிடுவார். பயப்படாத ஆள்தான் கையைத் தூக்கி, “ஏனுங்க, இதைப் பாருங்க” என்பார். அந்தத் தைரியத்தை அப்பா வாராவாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கண்டிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கிற வரைக்கும் அந்த மெஷின் ஓடக் கூடாது; அதில் கலந்தாலோசனைக்கு இடமே இல்லை. தீயணைப்புக் கருவிக்கு முன்னால் பண்டில் அடுக்கினாலும் அப்படித்தான், அந்த நிமிடமே எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் புது ஸ்டைலுக்கு மெஷினை எந்த வரிசையில் போடுவது, எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்பதை டைலர்களிடம் கேளுங்கள். தைக்கிற கைக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது.

பேங்க் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. பையர் ஆடிட்டில் சம்பளக் கணக்கைத் துருவுவார்கள், அதனால் பணம் பேங்கிலேயே போகட்டும். சம்பளச் சீட்டு மட்டும் சனிக்கிழமை கையில் போகட்டும், அப்பா உட்கார்ந்துகொண்டு கொடுக்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு நீங்களும் உட்காருங்கள். நாற்பது பேரின் பெயரும் ஊரும் பார்க்காமல் சொல்ல வருகிற வரைக்கும் நீங்கள் பேச வேண்டாம், கேட்டால் போதும்.

இன்னொன்று. முழங்கால் வலி என்று எழுதினீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போனதாக ஒரு வரி இல்லை. பெற்றவரின் வலியை அவரைப் பற்றிய புகாரோடு சேர்த்து எழுதுகிற பிள்ளையிடம் எந்தத் தலைமையைப் பற்றிப் பேசுவது? வருகிற திங்கட்கிழமை கம்பெனியை கட்டிங் மாஸ்டர் பொறுப்பில் விட்டுவிட்டு அப்பாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நடுவில் போன் போட்டு யாரையும் விரட்டக் கூடாது. அன்றைக்கு எத்தனை பீஸ் குறைந்தது என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.